முதலில் எடை மேடை, அப்புறம் ஜே.சி. ரோடு: குடும்ப கேம்பிங் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். டெலிவரி எடுத்த வாரமே கார் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு. முன்னால் இரும்பு பம்பர், கூரையில் கேரியர், பட்டன் வைத்தது போன்ற பெரிய டயர், எல்.இ.டி. பார். சக்லேஷ்பூர் காபி எஸ்டேட்டிலோ குடகிலோ குழந்தைகளோடு இரண்டு ராத்திரி கூடாரம் போட இதில் முக்கால்வாசி தேவையே இல்லை. சக்லேஷ்பூர் சுமார் 220 கிலோமீட்டர். அதில் மண் பாதை என்று வருவது பெரும்பாலும் கடைசி மூன்று நாலு கிலோமீட்டர்தான். மீதி முழுக்க நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையில் வண்டியைக் கெடுக்கிற பொருள்களுக்குத்தான் முதல் பணம் போகிறது என்பதுதான் வேடிக்கை.

எடையைக் கூட்டிப் பார்க்காமல் பொருள் வாங்குவது

மற்ற எல்லாத் தவறுக்கும் இதுதான் வேர். மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக் வண்டியின் எடை 1,210 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக ஏற்றக்கூடியது 335 கிலோ. அப்பா 75, அம்மா 65, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 60 என்றால் 200 போய்விட்டது. மிச்சம் 135 கிலோ.

இப்போது கூட்டுங்கள். இரும்புக் கேரியர் 30. கூரை மேல் விரித்துப் படுக்கும் கூடாரம் 55. தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு, 40. ஃப்ரிட்ஜும் உள்ளே உள்ளதும் 30. அடுப்பு, சிலிண்டர், நாற்காலி, மேசை, படுக்கை எல்லாம் 35. மொத்தம் 190. அனுமதியைவிட 55 கிலோ அதிகம், அதுவும் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை) மாட்டாமலேயே. அவை இரண்டும் சேர்ந்தால் இன்னும் 60, 70 கிலோ ஏறும்.

அதிக எடை ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கி ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். டயரின் பக்கச் சுவர் சூடேறி, மதிய வெயிலில் ஹைவேயில் வெடிக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு ‘ஷாக் சரியில்லை’ என்று ஷாக்கை மாற்றுகிறார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை, எல்லாச் சாமானும் எல்லா ஆளும் ஏறிய நிலையில், எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். பீன்யா, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் லாரிகளுக்கான எடை மேடைகள் உண்டு. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை எடுங்கள். கழித்தால் பின் அச்சின் சுமை தெரியும். குடும்ப வண்டிகளில் தப்பு எப்போதும் பின்னால்தான் இருக்கும்.

கூரைக்குத் தனிக் கணக்கு. ‘300 கிலோ தாங்கும்’ என்று கூடாரம் விற்பவர் சொல்வது வண்டி நிற்கும்போது. ஓடும்போது கூரை தாங்கும் எடை உரிமையாளர் கையேட்டில் போட்டிருக்கும். சின்ன வண்டிகளில் கேரியரும் கூடாரமும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். நாலு பேர் படுக்கும் தரைக் கூடாரம் 5 முதல் 8 கிலோதான். சரிவான எஸ்டேட் பாதையில் உச்சந்தலையில் 85 கிலோவைச் சுமந்துகொண்டு வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது அந்த வித்தியாசம் புரியும்.

தண்ணீர், சிலிண்டர் போன்ற கனமான சாமான்கள் தரையோடு, பின் சீட்டின் முதுகை ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டப்பட வேண்டும். டிக்கிக்கும் குழந்தைகள் தலைக்கும் நடுவில் வலை அல்லது கம்பித் தடுப்பு கட்டாயம். அவசரமாக பிரேக் அடித்தால் 20 லிட்டர் கேன் சீட்டைத் தாண்டித்தான் போகும். பழைய ஜீப்புகளில் உள்ள பக்கவாட்டு சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஹைவேயில் போவதை எந்த மாற்றமும் பாதுகாப்பாக்காது.

டயரைப் பெரிதாக்கினால் போதும் என்பது

ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் 733 ஆகிறது, கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் போகிறது. கியர் எல்லாம் அதே அளவுக்கு மந்தமாகும். பிரேக்குக்கும் வேலை கூடும். டயர் கூடுதல் கனம் என்றால் பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் கனக்கும். கதவின் கீல் தொங்கி, கொஞ்ச நாளில் கதவு சரியாகப் பூட்டாது. நாலு டயரை மாற்றி ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவில் விடுவது அதைவிட மோசம். அந்த ஸ்டெப்னியோடு ஃபோர் வீலில் ஓட்டினால் நாலு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாது, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

குடும்பப் பயணத்துக்குக் கம்பெனி அளவிலேயே, தார்ச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். சேற்றுக்கான மட் டெரெய்ன் வகை ஈரத் தார்ச் சாலையில் பிடிப்புக் குறைவு, இரைச்சல் அதிகம். பின் சீட்டில் தூங்கும் குழந்தையைக் கேட்டால் சொல்லும். வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது.

டயரை மாற்றுவதைவிடப் பலன் தருவது காற்றைக் குறைப்பது. சேற்றிலும் மணலிலும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். சாதாரண வீலில் 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கியவர்கள் செய்யும் தவறு, ‘ஊருக்குள்ளே போய் அடிச்சுக்கலாம்’ என்று அப்படியே ஹைவேயில் ஏறுவது. குறைந்த காற்றில் 80-ல் போனால் டயர் உள்ளுக்குள் வெந்துவிடும். பேட்டரியில் கிளிப் போட்டு ஓடும் காற்று பம்ப் வாங்குங்கள். லைட்டர் பாயிண்டில் செருகும் சின்ன பம்ப் நாலு டயருக்குள் சூடாகி நின்றுவிடும், பல வண்டிகளில் அந்த பாயிண்டின் ஃப்யூஸே 10, 15 ஆம்பியர்தான்.

வீல் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

லிஃப்ட், பம்பர், சட்டம்

இரண்டு அங்குலம் லிஃப்ட் போடுவது, அதாவது வண்டியின் உயரத்தைக் கூட்டுவது, ஸ்பிரிங்கோடு முடிவதில்லை. ஜிம்னி போல முன்னும் பின்னும் முழு அச்சு உள்ள வண்டியில் உயர்த்தினால் ஸ்டியரிங்கை நேராக வைக்க உதவும் காஸ்டர் கோணம் குறைந்து, 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கும். அச்சும் ஒரு பக்கம் ஒதுங்கும், அதற்குச் அச்சை நடுவில் பிடித்துவைக்கும், நீளத்தைச் சரிசெய்யக்கூடிய பான்ஹார்ட் ராட் வேண்டும். மஹிந்திரா தாரில் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் சக்கரத்துக்குச் சக்தி கடத்தும் சி.வி. ஜாயின்ட் எப்போதும் மடங்கிய நிலையிலேயே சுற்றி, அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறினால் செம்மண் உள்ளே போகும், கதை முடிந்தது. பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டுப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சட்டமும் விளையாட்டு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல் பார் எனும் முன்பக்க இரும்புத் தடுப்புக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதத்தை விடுங்கள். இரும்பு பம்பர் மோதல் விசையைச் சேசிஸுக்கு நேராகக் கடத்துகிறது, ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் குழம்புகிறது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

எல்.இ.டி. பார்: பொதுச் சாலையில் போடக்கூடாது, எஸ்டேட்டில் தேவையில்லை.

வயரிங்கில் மிச்சம் பிடிப்பது

தீப்பிடிக்கும் வண்டிகளில் வெளிக் கடையில் போட்ட வயரிங்குக்கு முக்கிய பங்கு உண்டு. டிக்கியில் ஃப்ரிட்ஜுக்கு பாயிண்ட் இழுக்கும்போது கடைக்காரர் கையில் இருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போடுவார். பேட்டரியிலிருந்து டிக்கி 5 மீட்டர். போக வர 10 மீட்டர். கம்ப்ரசர் கிளம்பும்போது 8 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே 0.9 வோல்ட் போய்விடும். ‘பேட்டரி லோ’ என்று ஃப்ரிட்ஜ் அணையும், பேட்டரியோ நன்றாகத்தான் இருக்கும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.23 வோல்ட்தான். ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஃப்யூஸ் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் அது காப்பாற்றாது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் வேண்டாம். இடுக்கியால் நசுக்கி இணைத்து (கிரிம்ப்), மேலே சூட்டில் சுருங்கும் உறை (ஹீட் ஷ்ரிங்க்) போடச் சொல்லுங்கள். இரும்பைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியில் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓட்டுவது இன்னொரு தவறு. அது ஒரு நொடி பெரிய மின்சாரம் கொடுக்கச் செய்யப்பட்டது. சில முறை ஆழமாக வற்றினால் ஆயுள் போய்விடும். வார இறுதிப் பயணத்துக்கு 500 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் ஒன்று போதும். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது 45, 50 வாட் எடுக்கும், பாதி நேரம்தான் ஓடும். இருபது மணி நேரம் அளவுக்கு வரும். முந்தின ராத்திரியே வீட்டுக் கரண்டில் குளிரவைத்து, இட்லி மாவையும் தண்ணீரையும் குளிர்ந்த நிலையிலேயே உள்ளே வைத்தால் இன்னும் நீளும். இரண்டாவது பேட்டரி வேண்டும் என்கிறவர்கள் பி.எஸ். 6 வண்டிகளில் வெறும் ரிலே போட்டு இணைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் வோல்டேஜை அடிக்கடி குறைத்துக்கொள்வதால் அந்தப் பேட்டரி நிறையவே நிறையாது. வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் டி.சி.–டி.சி. சார்ஜர் வேண்டும்.

டீசல் வண்டியும் காய்ந்த புல்லும்

சில்க் போர்டு நெரிசலில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடும் பி.எஸ். 6 டீசல் வண்டியின் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எரிக்க வண்டி 60-க்கு மேல் சீராக இருபது நிமிடம் ஓட வேண்டும். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள்.

வாரம் முழுக்கச் சேர்ந்த கரி, ஹைவேயில் ஏறியதும் எரிய ஆரம்பிக்கும். அப்போது அந்த வடிகட்டிக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தொடும். அதே நிலையில் பிப்ரவரி, மார்ச்சில் முழங்கால் உயரக் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் அடியில் தீ பிடிக்கும். கருகிய வாடை, நின்ற பிறகும் ஓடும் ரேடியேட்டர் ஃபேன், வழக்கத்தைவிட உயர்ந்த ஐட்லிங் இவை அடையாளம். வெறும் மண் தரையில் நிறுத்துங்கள்; ஒரு கிலோ ஏ.பி.சி. தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியின் அடியில் புதைந்திருக்க வேண்டாம்.

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு வண்டிக்குள் தூங்குவதும், குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பதும் கார்பன் மோனாக்சைடால் உயிரை எடுக்கும். இதில் விவாதம் இல்லை.

ஓட்டும்போது

தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டாதீர்கள். முன் பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் திருப்பத்தில் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்வது இதனால்தான். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கீழ் கியரில் வாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முழுச் சுமையோடு பிரேக்கிலேயே இறங்கினால், ஈரம் குடித்த பழைய பிரேக் ஆயில் கொதித்து பெடல் அடியில் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். அதற்கு ஒரே ஒரு முயற்சி போதும்.

மாட்டிக்கொண்டால் இழுக்கக் கயிறு, ஷாக்கிள் என்ற இரும்பு வளையம், மண்வெட்டி, சக்கரத்தடியில் வைக்கும் இரண்டு டிராக்‌ஷன் போர்டு போதும். குடும்ப வண்டிக்கு வின்ச் பெரும்பாலும் வீண். நீளும் கைனெடிக் கயிறு வேண்டும், விறைப்பான டோ ஸ்ட்ராப்பில் ஓடிவந்து வெட்டி இழுக்கக்கூடாது. டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் கயிற்றை மாட்டினால் அது உடைந்து பீரங்கிக் குண்டாகக் கண்ணாடியைத் துளைக்கும். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும்.

பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவதும் கூடாரம் போடுவதும் குற்றம்.

திரும்பி வந்ததும்

திங்கட்கிழமை ஸ்டியரிங் நடுங்கினால் உடனே பேலன்சிங் கடைக்குப் போகாதீர்கள். ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்த செம்மண்தான் பாதி நேரம் காரணம். அடிப்பாகத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். ரேடியேட்டருக்கு மட்டும் அழுத்தம் குறையுங்கள், தகடுகள் மடங்கிவிடும். ஆழத் தண்ணீரில் இறங்கியிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்றுங்கள். டிஃபரன்ஷியலின் சூடான கூடு குளிர்ந்த நீரில் திடீரெனக் குளிரும்போது, காற்று போகவர உள்ள ப்ரீதர் துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ப்ரீதர் ட்யூபை எஞ்சின் அறையின் உயரம் வரை நீட்டுவது சில நூறு ரூபாய் வேலை. வண்டியில் செய்யும் மாற்றங்களில் விலைக்கு அதிகப் பலன் தருவது இதுதான், யாரும் கேட்டுச் செய்வதில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். எண்ணெய் தடவிய பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் போட்டவர்கள் எண்ணெய் அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது காற்றளவு சென்சாரில் படிந்து மைலேஜைக் குறைக்கும். பிராப்பெல்லர் ஷாஃப்டில் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுசு அடிக்கச் சொல்லுங்கள்.