ஃபேன்ஃபிக்கில் மன்னிப்புக் காட்சி: கருத்தை எடுக்கலாம், வரியை எடுக்கக் கூடாது

ஃபேன்ஃபிக், அதாவது பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து வாசகர்களே எழுதும் கதை, எழுதுகிறவர்களுக்கு மன்னிப்பின் மேல் தீராத ஆசை உண்டு. மூலக் கதையில் பேசாமலேயே பிரிந்தவர்கள், வருந்துவதற்குள் செத்துப்போனவர்கள், இவர்களை எல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்துப் பேசவிட வேண்டும் என்று தோன்றித்தான் நம்மில் பலர் எழுதவே ஆரம்பிக்கிறோம். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிசையில் காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனைக் கொல்லாதே என்று நந்தினி ஆதித்த கரிகாலனிடம் கெஞ்சுகிறாள், அவன் கேட்காமல் வெட்டிவிடுகிறான், அப்புறம் அவள் முகம் அவனை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கடைசியில் கடம்பூர் மாளிகையில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது எல்லாம் கைமீறிப்போகிறது. 1950-ல் கல்கி தொடராக ஆரம்பித்த கதை, இன்னும் அந்த அறையை விட்டு வெளியே வரமுடியாத வாசகர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

அந்த அறையை நமக்கு முன்னால் பலர் எழுதிவிட்டார்கள். அவற்றை எல்லாம் நாம் படித்தும் இருக்கிறோம். படித்தது மனசில் தங்கி, எழுத உட்காரும்போது நம்முடைய வரி மாதிரியே வந்து நிற்கும். அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காப்புரிமை வேறு, எழுத்துத் திருட்டு வேறு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதற்காக அவருடைய ஒரு பத்தியை எடுத்து உங்கள் பெயரில் போட்டால் சட்டம் கேட்காமல் போகலாம், ஆனால் அது திருட்டுதான். இந்தப் பக்கம், ஒரு கதையின் கருத்துக்கோ கருவுக்கோ காப்புரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே 'மன்னிப்பு கிடைக்காத ஒருவன்' என்ற கரு யாருடைய சொத்தும் இல்லை. தயங்காமல் எடுங்கள்.

சரி, எதை எடுப்பது? மன்னிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய எண்ணத்தை எடுங்கள். யார் முதலில் பேசுகிறார், எந்தப் பொருள் கைமாறுகிறது, எந்த வரியில் அழுகை வருகிறது, இதெல்லாம் இன்னொருவர் உழைத்துக் கண்டுபிடித்தவை. அவற்றைத் தொடவேண்டாம்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். யாரோ ஒருவரின் ஃபேன்ஃபிக்கில் கரிகாலன் அனுப்பும் ஓலைகளை நந்தினி பிரிக்காமலேயே விளக்கில் காட்டி எரிக்கிறாள், கடைசி ஓலையை மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது உங்களுக்குப் பிடித்துவிட்டது. நீங்கள் இந்தக் காலத்துக் கதை எழுதுகிறீர்கள், அதனால் ஓலையை வாட்ஸ்அப் செய்தியாக்கி, படிக்காமல் அழித்து, கடைசியை மட்டும் விட்டுவைக்கிறீர்கள். சொல் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இது எடுத்ததுதான், ஏனென்றால் அந்தக் காட்சியின் உயிரே 'கடைசியை மட்டும் விட்டுவைத்தாள்' என்பதில் இருக்கிறது.

நான் செய்வது இது. பிடித்த காட்சியை மூடிவைத்துவிட்டு, அதில் என்னைத் தொட்டது என்ன என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுவேன். அதில் ஆள் பெயர் கூடாது, பொருள் கூடாது, உவமை கூடாது. மேலே சொன்ன காட்சிக்கு இப்படி வரும்: 'மன்னிக்க மனம் வராதபோதும், என்றாவது காது கொடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றலாம்.' இந்த அளவுக்கு இறக்கிய பிறகு அது யாருக்கும் பொது. இப்போது இதை என் பாத்திரத்திடம் கேள்வியாகக் கேட்பேன்: என் குந்தவைக்கு இப்படித் தோன்றினால் அவள் என்ன செய்வாள்? அவள் ஓலையோடு மல்லுக்கட்டுகிற ஆள் இல்லை. இத்தனை நாள் ஒருத்தியைக் கண்டால் பிராகாரத்தில் மறுபக்கமாகச் சுற்றிப் போனவள், ஒரு நாள் சுற்றாமல் நேராகவே நடப்பாள். அவ்வளவுதான். ஆனால் அது அவளுடையது.

ஃபேன்ஃபிக்கில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மன்னிப்பைப் பற்றி உலகம் நிறைய யோசித்து வைத்திருக்கிறது, அதில் பாதியை யாரும் கதையில் பயன்படுத்தவே இல்லை என்பது என் எண்ணம். 'இன்னா செய்தாரை ஒறுத்தல்' குறளை எல்லோரும் 'நன்னயம் செய்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் கடைசிச் சொல்லான 'விடல்' மேல் கைவைக்கிறார்: அவர் செய்த தீமையை மட்டுமில்லை, நீ செய்த நன்மையையும் மறந்துவிடு என்கிறார். மன்னித்ததை மறக்க முடியாத ஒரு பாத்திரம், தான் மன்னித்ததையே தினமும் எண்ணிப் பார்க்கிற ஒரு அண்ணன், இதில் எவ்வளவு கதை இருக்கிறது பாருங்கள்.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் சொன்னது எனக்கு இன்னும் உதவியது. ஒருவன் முழுதாக மனம் திருந்தினான் என்பதற்கு அவர் சொல்லும் அளவுகோல்: அதே தவறைச் செய்ய அதே வாய்ப்பு மறுபடி வருகிறது, செய்ய அவனுக்கு வலுவும் இருக்கிறது, பயத்தால் அல்லாமல் அவனாகவே செய்யாமல் விடுகிறான். இதைப் படித்ததும் கரிகாலன் செத்துப்போகாத ஒரு மாற்றுக் கதை எனக்குக் கிடைத்தது. பல வருஷம் கழித்து, வேறொரு குடிசை. வாளோடு குனிந்து நுழைகிறான். வைக்கோல் மேல் அடிபட்ட ஒருவன், பக்கத்தில் ஒரு கிழவி. அவள் கெஞ்சவில்லை, மண்சட்டியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருக்கிறாள். கரிகாலன் வாளை நிலைப்படியில் சாத்திவிட்டு, சட்டியை வாங்கி ஊத ஆரம்பிக்கிறான். நந்தினிக்கு இது கடைசிவரை தெரியாது. அவளிடம் ஆள் அனுப்பிச் சொல்லவைக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாபவிமோசனம்' இதைத்தான் செய்கிறது. கல், ராமன், அகலிகை, எல்லாமே பழசு. அவர் கேட்ட கேள்வி மட்டும் புதுசு: தன்னை ஏற்றுக்கொண்ட ராமனே தன் மனைவி சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்டால் அகலிகைக்கு என்ன ஆகும்? அவள் மறுபடி கல்லாகிறாள். கதை எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை, வாசகருக்கு ராமாயணம் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறார். தெரிந்தே பகிர்ந்துகொள்வதற்கும் தெரியக்கூடாது என்று எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் படித்த ஒரு ஃபேன்ஃபிக்கின் மன்னிப்பு வசனத்தைத் தமிழில் போட்டால் அது உங்கள் வசனம் ஆகாது. சொல் எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கட்டும், வரி அவருடையது. அப்படியே வேண்டுமென்றால் அனுமதி கேட்டு, மொழிபெயர்ப்பு என்றே போடுங்கள். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஃபேன்ஃபிக் தளத்தில் இன்னொரு படைப்பிலிருந்து தூண்டுதல் பெற்றது, மொழிபெயர்ப்பு என்றெல்லாம் குறிக்க இடமே இருக்கிறது, மூலக் கதையின் இணைப்பையும் அங்கேயே கொடுத்துவிடலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் கதைக்கு மேலேயே எழுதுங்கள். நன்றிக் குறிப்பு மழுப்பலாக இருக்கக் கூடாது. 'பலரிடமிருந்து கற்றுக்கொண்டேன்' என்பது யாருக்கும் நன்றி சொல்லாத வாக்கியம். என் குடிசைக் கதைக்கு நான் போட்டது இது: 'மனம் திருந்தியதற்கான அளவுகோல் மைமோனிடீஸ் சொன்னது. கரிகாலனும் நந்தினியும் கல்கியுடையவர்கள். குடிசை, கிழவி, கஞ்சி என்னுடையவை.'

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் காட்சியில் நடப்பதை வரிசையாக ஏழெட்டுச் சிறு வரிகளில் எழுதுங்கள், நீங்கள் நேசித்த காட்சியையும் அப்படியே எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு ஒத்துப்போனால் பரவாயில்லை, மன்னிப்பு என்றால் யாரோ வருவார்கள், யாரோ பேசாமல் நிற்பார்கள். நாலைந்து அதே வரிசையில் வந்தால் காட்சியைக் கலைத்து வேறு இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வார்த்தையை மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

குறிப்பு நோட்டு வைத்திருந்தால், பிறர் வரிக்கு மேற்கோள் குறியும் பெயரும் போடாமல் எழுதவே எழுதாதீர்கள். நான் போடாமல் எழுதி வைத்த மூன்று வரிகள், ஒரு வருஷம் கழித்து என் அத்தியாயத்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டன. எழுதும்போது அவை என்னுடையவை என்றே நம்பினேன். வேறொரு வேலையாக அந்தப் பழைய கதையைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று வாசகர்களுக்குச் சொன்னேன், எழுதியவருக்கும் மூன்று வரிகளையும் அப்படியே காட்டிக் கடிதம் போட்டேன். தெரியாமல் நடந்தது என்பதை முதல் வரியில் எழுதி, அப்புறம் அதைக் கீழே இறக்கி, நடந்தது என்ன என்பதை மேலே வைத்தேன். நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது: 'பார்த்தேன். மறுபடி எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.'