பானை உண்டதைப் பானையிடமே கேட்பது எப்படி?

புது மண்சட்டியில் உடனே குழம்பு வைக்க மாட்டோம். வடிகஞ்சி ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்குவோம். கஞ்சி சட்டியின் நுண்துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். மீன் குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சக் கூடாது என்பதும் அந்தத் துளைகளால்தான். பழங்காலச் சமையலை ஆய்வாளர்கள் தேடுவதும் அங்கேதான்.

தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பா கூடத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதெல்லாம், "இந்தப் பானையில் என்ன சமைத்தார்கள்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

1. முதலில் வீட்டில் பாருங்கள்

உத்தம் நகர் குயவர் குடியிருப்பில் மெருகு பூசாத சிறு சட்டிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் பத்து நாள் பால் காய்ச்சுங்கள்; மற்றதில் வெறும் தண்ணீர். கழுவி, நன்றாகக் காயவைத்து, இரண்டையும் உடையுங்கள். உடைந்த ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். தண்ணீர்ச் சட்டி சட்டென்று உறிஞ்சும். பால் சட்டி தயங்கும். பாலின் கொழுப்பு சுவருக்குள் புகுந்துவிட்டது. கொழுப்பு நீரில் எளிதில் கரையாது. அதனால்தான் துளைகளுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்க முடிகிறது.

2. உடைந்த பானை ஓடுகளைக் கழுவாதீர்கள்

அகழாய்வில் உதவப் போகிறவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விரலால் தொட்டால் நம் தோலின் கொழுப்பு ஓட்டில் ஒட்டும். பின்னால் அந்தக் கொழுப்பில் உள்ள ஸ்குவாலீன் என்ற பொருள் தென்பட்டால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டியதுதான். பிளாஸ்டிக் பையும் தன் வேதிப்பொருளைக் கசியவிடும். கையுறை அணிந்து எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ஓடு கிடந்த இடத்து மண்ணிலும் ஒரு பிடி தேவை, ஒப்பிட்டுப் பார்க்க. வாய்விளிம்பை ஒட்டிய ஓடு சிறந்தது. கொதிக்கும்போது மேலே மிதக்கும் கொழுப்பு அங்கேதான் ஏறும்.

3. ஆய்வகத்தில்

மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, இரண்டு கிராம் அளவுக்குப் பொடி எடுப்பார்கள். குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கரைசல் கொழுப்பைப் பிரித்தெடுக்கும். நச்சுப் பொருள்கள் இவை. வீட்டில் முயலவே கூடாது. ஒரு கிராம் பொடிக்கு 5 மைக்ரோகிராம் கொழுப்பாவது கிடைத்தால்தான் பொருள் சொல்லத் துணிவார்கள். பிறகு கேஸ் குரோமட்டோகிராபி கருவி கலவையைத் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரித்துக் காட்டும்.

4. படிப்பது

கடினமும் அழகும் இங்கேதான் இருக்கின்றன. பால்மிட்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களிலும் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன் 13 எவ்வளவு என்று தனித்தனியே அளக்கிறார்கள். ஸ்டியரிக்கின் அளவு மற்றதைவிட ஆயிரத்துக்கு 3.3க்கு மேல் குறைந்திருந்தால் பால் கொழுப்பு. அந்த அளவுக்கு இல்லாமல் கொஞ்சம் மட்டும் குறைந்திருந்தால் மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் இறைச்சி. வேறுபாடு ஏறக்குறைய இல்லையென்றால் பன்றி போன்றவை.

ராக்கிகடி, ஃபர்மானா உள்ளிட்ட சிந்துவெளி ஊர்களின் 172 ஓடுகளை தொல்லியல் ஆய்வாளர் அக்ஷயேதா சூரியநாராயண் குழுவினர் இப்படி ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். பாலும் இறைச்சியும் தெரிந்தன. பன்றியை ஒத்த அளவுகளும் பல ஓடுகளில் வந்தன. ஆனால் அந்த ஊர்களில் பன்றி எலும்புகள் மிகக் குறைவு. ஒரே சட்டியில் தாவரக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் கலந்தாலும் அளவு பன்றியைப் போலத் தோன்றலாம். இந்த அளவுகளை எலும்போடு சேர்த்துப் படிக்காதவர் தவறாகவே படிப்பார்.

சோறும் கிழங்கும் கொழுப்பை அதிகம் விடுவதில்லை. அவற்றுக்கு மாவுச்சத்துத் துகள்களை நுண்ணோக்கியில் தேட வேண்டும். ஃபர்மானாவில் இஞ்சி, மஞ்சள், கத்தரிக்காய் அப்படித்தான் அகப்பட்டன. அங்கே சமைத்தவர்களின் அடுப்படி எனக்கு மிக அருகில் வந்ததுபோல் இருந்தது.

5. மது என்று எழுதும் முன்

ஈரானின் ஹாஜி ஃபிரூஸில் கி.மு. 5000க்கும் முந்தைய ஜாடிகளில் திராட்சை மதுவை அடையாளம் காட்டியது டார்டாரிக் அமிலம். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. எனவே நம் மண்ணில் கிடைத்த ஓட்டில் அது தெரிந்தால், அதே மண்ணடுக்கில் கருகிக் கிடப்பது திராட்சை விதையா, புளியங்கொட்டையா என்று முதலில் தேடுங்கள்.