கல்லாவில் மச்சான்: ஓட்டல் முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டலில் சொந்தக்காரர்களை வேலைக்கு வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் காசு புழங்கும் இடம். கல்லாவில் நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆளுக்கு என்ன வேலை என்று யாருக்கும் சொல்லாமல் உட்கார வைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

சமையல்கட்டில் சரக்கு மாஸ்டர்தான் தலை. அவருக்கு அடுத்து தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கைவேலைப் பையன்கள், பாத்திரம் கழுவுபவர்கள். வெளியே சூப்பர்வைசர், சப்ளையர், டேபிள் துடைப்பவர். மச்சான் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை, ஆனால் எல்லோரையும் ஏவுவார். மதியச் சாப்பாட்டு நெரிசலில், "நம்ம ஆளு வந்திருக்காரு, அந்த டேபிளுக்கு முதல்ல அனுப்பு" என்று நேராக உள்ளே குரல் கொடுப்பார். மாஸ்டர் யார் பேச்சைக் கேட்பது? இரண்டு தடவை இப்படி நடந்தால் சூப்பர்வைசர் வாயே திறக்க மாட்டார். சமையல்கட்டுக்குள் போகும் பேச்சு ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். அதை மச்சானும் நிற்கும்போது, எல்லோர் முன்னாலும் முதலாளியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, "நம்ம கடைதானே" என்று சொந்தக்காரருக்குச் சம்பளமே பேசாமல் விடுவது. இது அவருக்கும் அநியாயம். லீவு கிடையாது, மாதம் பிறந்தால் கையில் காசும் கிடையாது. அப்புறம் அவர் கல்லாவிலிருந்து செலவுக்கு எடுத்தால் அதைத் திருட்டு என்பதா, சம்பளம் என்பதா? பதிவேட்டில் பெயர் போட்டு, ஒரு தொகை பேசி, மற்றவர்களைப் போலவே கொடுங்கள். தாமதமாக வந்தால் சப்ளையருக்கு என்ன விதியோ அதுவே அவருக்கும். காய்கறி, மளிகை வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். அது சொந்தத் தம்பியாகவே இருந்தாலும்.

முதலாளிகள் கவனிக்காத இன்னொரு உறவுமுறை சமையல்கட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்டர் பல நேரம் தனியாக வருவதில்லை, தன் செட்டோடு வருகிறார். அக்கா மகன், பங்காளி, ஊர்க்காரப் பையன்கள். வேலை சூடு பிடித்து ஓடும், அதை மறுக்க முடியாது. ஆனால் வெளியிலிருந்து வந்த பையனுக்கு வெங்காயம் உரிப்பதும் அண்டா தேய்ப்பதும்தான் கதி. வருஷக்கணக்கில் நின்றாலும் அடுப்புப் பக்கம் விட மாட்டார்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் செட்டு மொத்தமும் கிளம்பும், வாங்கிய அட்வான்ஸோடு. அட்வான்ஸை மொத்தமாக மாஸ்டர் கையில் கொடுக்காமல் ஆளுக்கு ஆள் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் செட்டில் இல்லாத ஒருவரையாவது பழக்கி வையுங்கள்.

கடைசியாக, புகார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பணியில் மூத்த பெண் ஒருவர் அதன் தலைவர், வெளியாள் ஒருவரும் உறுப்பினர். முதலாளியின் மனைவியைப் பெயருக்குத் தலைவராகப் போட்டுவிட்டால், அவர் தம்பி மீது புகார் சொல்ல எந்தப் பெண் போவாள்? 10 பேருக்குக் குறைவான கடையிலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. அந்த விவரத்தை ஊழியர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.