போதலேர் பிள்ளைகளின் கதையைக் குழந்தையோடு வாசிக்கும் முறை

அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஹாண்ட்லர், லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் எழுதிய ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்’ வரிசை 1999 முதல் 2006 வரை 13 நூல்களாக வெளிவந்தது. தீ விபத்தில் பெற்றோரை இழந்த வயலெட், க்ளவுஸ், சன்னி என்ற மூன்று போதலேர் பிள்ளைகளை, அவர்களுடைய சொத்துக்கு ஆசைப்பட்ட கவுன்ட் ஓலாஃப் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக்கொண்டு துரத்துகிறான். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஆனால் பெற்றோரின் மரணம் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. இரண்டாம் நூலில், பிள்ளைகளை உண்மையாகவே நேசித்த பாதுகாவலர் கொல்லப்படுகிறார். ஆகவே ஒவ்வொரு நூலையும் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். வீட்டில் அண்மையில் துக்கம் நேர்ந்திருந்தால் சில காலம் தள்ளிப்போடுவதே நல்லது.

வாசிக்கும்போது குழந்தையின் கையில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கண்ணில் படும் பொருள்களையெல்லாம் குறித்துவரச் சொல்லுங்கள். முதல் நூலில் ஓலாஃபே பாதுகாவலராக இருப்பதால் பிள்ளைகள் தங்கும் அவன் வீட்டு அறை ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கிறது: ஒரே கட்டில், சன்னிக்குப் படுக்கையாக்குவதற்காகக் கழற்றிய திரைச்சீலை, விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் ஒரு கற்குவியல், பிள்ளைகளின் சொத்தைக் கவனிக்கும் வங்கிக்காரரின் மனைவி வாங்கித் தந்த அருவருப்பான உடைகள். பின்னர் சன்னி கூண்டில் அடைக்கப்பட்டுக் கோபுர உச்சியில் தொங்கவிடப்பட்டதும், வயலெட் தலைமுடியை ரிப்பனால் கட்டிக்கொண்டு யோசிக்கத் தொடங்குகிறாள். அந்த வரியோடு நூலை மூடிவிட்டு, “உன் பட்டியலில் இருப்பவற்றை வைத்து நீ எப்படி மேலே ஏறுவாய்?” என்று கேளுங்கள். உடைகளைக் கிழித்துக் கயிறாக்கலாம், திரைக்கம்பியை வளைத்துக் கொக்கியாக்கலாம் என்று குழந்தை தானாகவே கண்டுபிடித்துவிட்டால், மறுநாள் வாசிப்புக்கு நீங்கள் அழைக்க வேண்டியிருக்காது. தப்பிக்கும் வழியை வானத்திலிருந்து இறக்காமல் முன்பே நம் கண்ணெதிரே வைத்துவிடுவது இந்த ஆசிரியரின் நேர்மை.

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் கதை சொல்லும் பெற்றோர், மூன்றாம் நூலில் பாதுகாவலராக வரும் ஜோசஃபின் அத்தை விட்டுச்செல்லும் கடிதத்தை மட்டும் வாயால் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இலக்கணத்தில் கறாரான அந்த அம்மையாரின் கடிதத்தில் பிழைகள் மலிந்திருப்பதுதான் துப்பு. பக்கத்தைக் காட்டிப் பிழைகளை வட்டமிடச் சொல்லுங்கள். விடையைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனாலும் அவசரப்படுத்த வேண்டாம்.

கண்டுபிடிப்பது வயலெட், படிப்பது க்ளவுஸ், கடிப்பது சன்னி என்று குழந்தை பாகம் பிரித்து வைத்திருக்கும் வேளையில் நான்காம் நூல் வருகிறது. மரம் அறுக்கும் ஆலையில் க்ளவுஸ் வசியத்துக்கு ஆளாகிவிட, வயலெட் கடினமான புத்தகத்தோடு போராட வேண்டியிருக்கிறது. பிறகு கருவி செய்யும் பொறுப்பு க்ளவுஸின் தலையில் விழுகிறது. இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள்.

புதிய பாதுகாவலர், புதிய வேடம், எதையும் நம்பாமல் இருமிக்கொண்டே இருக்கும் வங்கிக்காரர் திரு. போ என்று ஒரே அச்சில் நகர்வதால், ஐந்தாறு நூல்களுக்குள் சில பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டுவது இயல்பு. ஏழாம் நூலின் முடிவில் கொலைப்பழி விழுந்து பிள்ளைகள் தாங்களாகவே ஓடத் தொடங்கியதும் அந்த அச்சு உடைகிறது என்பதால், அதுவரையாவது விடாமல் கொண்டுசெல்லுங்கள்.

2004இல் வந்த திரைப்படம் முதல் மூன்று நூல்களின் நிகழ்ச்சிகளைக் கலந்து தருவதால், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூல்களை வரிசை மாற்றியும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு நூலிலும் 13 அத்தியாயங்களே உண்டு என்று பழகிப்போன குழந்தை, கடைசி நூலையும் பதின்மூன்றோடு மூடப் பார்க்கும். அதற்குப் பின் தனி நூல் போன்ற முகப்போடு பதினான்காம் அத்தியாயம் ஒன்று இருப்பதால், பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.