கேம் திணறுகிறதா? பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேம் திக்கித் திணறி ஓடினால் எல்லோரும் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்படுகிறோம். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ராம் (தற்காலிக நினைவகம்) ஒற்றைக் குச்சியாக இருந்தாலும், பிராசஸர் சூடேறினாலும், ஏன், பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஒரே ஒரு அமைப்பு அணைந்திருந்தாலும்கூட அதே திணறல் வரும். அதனால் அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். புதிதாக இதில் இறங்குபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

படி 1: எந்தப் பாகம் பின்தங்குகிறது?

60 எஃப்.பி.எஸ், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம்கள் (படங்கள்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்டு. அதற்குள் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதனதன் வேலையை முடித்தாக வேண்டும். எது பின்தங்குகிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

வழக்கமாகத் திணறும் ஒரு கேமைத் திறந்து, திணறும் இடத்துக்கே போய் விளையாடுங்கள். எஃப்.பி.எஸ், வெப்பம், பயன்பாட்டு அளவு மூன்றையும் திரையிலேயே காட்ட எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் அதுதான் தடை. அது 60, 70 என்று தொங்கினால், எஃப்.பி.எஸ்ஸுக்கு நீங்களே வரம்பு வைத்திருக்கிறீர்களா, வி-சிங்க் (எஃப்.பி.எஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு பொருத்தும் அமைப்பு) இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பிராசஸர் அல்லது ராம் பக்கம்தான் சிக்கல். பிராசஸர் பயன்பாடு மொத்தத்தில் 40 சதவீதம்தான் என்று பார்த்து ஏமாற வேண்டாம். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒரே ஒரு கோர் முழுதாக அடைபட்டாலும் கேம் திணறும்.

இன்னும் சந்தேகமா? ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ் கிடுகிடுவென ஏறினால் கிராபிக்ஸ் கார்டு, அசையாமல் நின்றால் பிராசஸர்.

படி 2: செலவில்லாத வேலைகள்

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் கேபினெட்டைத் திறந்து, ஃபேன் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுங்கள். பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய கணினியென்றால் பிராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டிலா என்றும் பாருங்கள். கார்டில்தான் இருக்க வேண்டும்.

படி 3: ராம்

ஒரே 16 ஜி.பி குச்சியைவிட இரண்டு 8 ஜி.பி குச்சிகள் நல்லது. இரண்டு சேனல்களும் ஒன்றாக வேலை செய்வதால் தரவு போகும் பாதை இரட்டிப்பாகிறது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஆவது ஸ்லாட்களில் செருக வேண்டும். போர்டின் கையேட்டில் சரிபாருங்கள். டி.டி.ஆர் 4 ஸ்லாட்டில் டி.டி.ஆர் 5 பொருந்தாது, அதனால் வாங்கும் முன் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செருகியதோடு வேலை முடியவில்லை. பயாஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் 3200 வேகத்துக்கு என்று வாங்கிய ராம் 2133 அல்லது 2400 இலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வீணாகக் கிடப்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

படி 4: எஸ்.எஸ்.டி

ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம் இது. இதற்கு மாறினால் கேம் திறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். எஃப்.பி.எஸ் பெரிதாக ஏறாது. இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே கேம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் மாறலாம்.

படி 5: கிராபிக்ஸ் கார்டு

அளந்து பார்த்ததில் இதுதான் தடை என்று உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று அளவு நாடாவால் அளந்துவிடுங்கள். அடுத்தது பவர் சப்ளை. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஒரு 8 பின் இணைப்பு 150 வாட். இது எல்லாமே பவர் சப்ளையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், கார்டு தயாரிப்பாளர் சொல்லும் வாட் அளவுக்குக் கீழே போகாதீர்கள். தரமில்லாத பவர் சப்ளை பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாட்டும் முன் பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) நீக்கி, படி 2இல் சொன்னபடி மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கார்டை ‘கிளிக்’ என்று பூட்டும்வரை நேராக அழுத்தி, ஸ்க்ரூ போட்டு, பவர் கேபிளை முழுதாகச் செருகுங்கள். பிறகு புது டிரைவர்.

பிராசஸர்தான் தடை என்றால், உங்கள் போர்டின் சாக்கெட்டுக்கு (பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்தும் மேம்பட்ட மாடல் உண்டா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். இருந்தால் பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

படி 6: மறுபடி அளக்கவும்

அதே கேம், அதே இடம், அதே செட்டிங்ஸ். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்றால் விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் அது 144 என்று தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது 60 இலேயே நின்றுகொண்டிருக்கும்.