கர்ப்ப காலத்தில் தலைவலி, அரிப்பு, பல்வலி: யாரிடம் சொல்வது, எங்கே தவறுகிறோம்?

என் தங்கைக்கு அப்போது எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து சென்னையிலிருந்து காரைக்குடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நடு இரவில் விழித்துப் பார்த்தால் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பாள். உள்ளங்கால் அரிப்பு தாங்காமல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் பாதத்தை மாற்றி மாற்றி அழுத்துவாள். "உடம்புச் சூடுதான்" என்று ஆயா, எங்கள் பாட்டி, விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். தோல் மருத்துவரிடம் காட்டலாமா என்றுகூடப் பேசினோம். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டு நாள் போய்விட்டது.

மாதப் பரிசோதனையில் பேச்சுவாக்கில்தான் அது வெளிவந்தது. தோலில் தடிப்பு ஏதும் உண்டா, இரவில் அதிகமாகிறதா என்று மருத்துவர் கேட்டார். அன்றே இரத்தத்தில் பித்த அமிலத்தையும் கல்லீரல் செயல்பாட்டையும் பார்க்கச் சொன்னார். கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிலருக்குப் பித்தநீர் கல்லீரலிலிருந்து சரியாக வடியாமல் இரத்தத்தில் சேர்ந்துவிடும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பது அதன் அடையாளம். அளவு மிகவும் கூடினால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அந்த எட்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

மகப்பேறு மருத்துவர் ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான், மற்றதற்கெல்லாம் வழக்கமான டாக்டரோ மருந்துக்கடையோ போதும் என்று நாம் பிரித்து வைத்திருப்பதுதான் முதல் தவறு. தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது எல்லாம் இரத்த அழுத்தம் ஏறியதைக் காட்டலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். "வெயிலில் அலைந்தாய், அதுதான்" என்று தைலம் தடவிப் படுக்க வைப்பதோ, "பதினைந்தாம் தேதி செக்கப் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதோ கூடாது. இரவு நேரமானால் 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதும் இப்படித்தான். கர்ப்பம் என்று சொல்லாமல் வீட்டு ஆண்பிள்ளையை அனுப்பி வாங்கி வருவார்கள். அந்த மாத்திரையில் ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ இருந்தால், 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குடநீரைக் குறைத்துவிடக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் வழக்கமாகத் தருவது பாராசிட்டமால்தான். அதையும் அளவு கேட்டுத்தான் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் எங்கள் பக்கத்தில் நிறைய நடக்கிறது. பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து தைராய்டு மாத்திரையையும் ஆஸ்துமா இன்ஹேலரையும் வலிப்பு மருந்தையும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் மாற்றுவது மருத்துவரின் வேலை. திடீரென நிறுத்தி வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் அதுவே பெரிய கேடு. பல்வலியும் அப்படியே. பிரசவம் முடியட்டும் என்று கன்னம் வீங்க வீங்கக் காத்திருக்கத் தேவையில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் பிடுங்கவும் வேர் சிகிச்சை செய்யவும் கர்ப்பத்திலும் முடியும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பல் மருத்துவரிடம் போனால் போதும்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மோரும் இளநீரும் நல்லவைதான், ஆனால் கிருமித் தொற்றை அவை தீர்க்காது. கவனிக்காமல் விட்டால் தொற்று சிறுநீரகம் வரை ஏறி, குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம்.

இன்னொன்று, காகிதங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருப்பார்கள், பார்ப்பது தனியார் மருத்துவமனையில். இரண்டு இடத்திலும் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். ஒருவர் தந்தது மற்றவருக்குத் தெரியாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும்போது பழைய கோப்பு சென்னையிலோ கோயம்புத்தூரிலோ தங்கிவிடும். என் தங்கையின் கோப்பும் சென்னையில்தான் இருந்தது. அவளுடைய பழைய கல்லீரல் பரிசோதனை முடிவை அவள் கணவர் அலமாரியில் தேடி, படம் எடுத்து அனுப்ப இரவு பத்து மணியாகிவிட்டது. புது மருத்துவர் அதுவரை காத்திருந்து, அதைப் பார்த்த பிறகே மருந்து எழுதினார்.

37-ஆம் வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. அரிப்பு சில நாளில் அடங்கியது. அடுத்த பிரசவத்திலும் இது வரக்கூடும், முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.