சின்ன நாய்க்குக் கால் உடைந்தால்: அவசரத்தில் எடுக்கும் தவறான முடிவுகள்

சோபாவிலிருந்து குதித்தது, குழந்தையின் கையிலிருந்து நழுவியது, மாடிப்படியில் தவறியது, கேட் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. பொமரேனியன், சிவாவா, டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் மாதிரியான குட்டி ஜாதி நாய்களுக்குக் கால் உடைய இவ்வளவு போதும். பெரும்பாலும் உடையும் இடமும் ஒன்றுதான்: முன்னங்காலில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. அங்கே அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு எலும்புகளும் சேர்ந்தே முறியும்.

உடனே வீட்டில் யாராவது சொல்வார்கள்: “சின்ன நாய்தானே, ஒரு கட்டுப் போட்டா சரியாயிடும்.” நிறைய நாய்களின் காலைக் கெடுத்தது இந்தப் பேச்சுதான். எடை குறைவு, அதனால் எலும்பு சுலபமாகக் கூடிவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த இடத்தைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. பெரிய நாய்க்கு மாவுக்கட்டில் கூடக்கூடிய முறிவு, இரண்டு கிலோ நாய்க்குக் கூடாமலே போகலாம்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. குட்டி ஜாதி நாய்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே உள்ள எலும்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. சுற்றிலும் தசை கிடையாது. தோல், நரம்பு, எலும்பு, அவ்வளவுதான். உடைந்த எலும்பு கூடுவதற்கான ரத்தம் பெரும்பாலும் சுற்றியுள்ள தசையிலிருந்துதான் வரவேண்டும். அது இங்கே இல்லை. அடுத்தது எலும்பின் அளவு. நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள எலும்பில் முறிந்த முனைகள் பாதிக்குப் பாதி தொட்டுக்கொண்டிருந்தால்கூட, இரண்டு மில்லிமீட்டர்தான் ஒட்டியிருக்கிறது என்று பொருள். கட்டுக்குள் கால் சற்றே அசைந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டரும் விலகிவிடும். காலோ குட்டை, கட்டுக்குப் போதுமான பிடிமானம் கிடைப்பதில்லை. முதல் நாள் இறுக்கமாக இருந்த கட்டு, வீக்கம் வடிந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும்.

இதன் விளைவு என்ன? சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்காது, அல்லது பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி கோணலாகக் கூடியிருக்கும். அதற்குள் முறிவு முனைகள் கரைந்து கூராகிவிடுவதும் உண்டு. முதலிலேயே செய்திருந்தால் சாதாரணமாக முடிந்திருக்கும் ஆபரேஷன், இப்போது வேறு இடத்திலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். வளர்ந்த குட்டி ஜாதி நாய்க்கு முன்னங்காலில் இந்த இடத்தில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தால், சிறிய பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவதுதான் எலும்பு அறுவை மருத்துவர்கள் பொதுவாக முதலில் சொல்லும் வழி. வெளிப்பக்கமாகக் கம்பிச் சட்டம் பொருத்துவதும் ஒரு வழி. எலும்புக்குள் நீளவாக்கில் ஒரு கம்பியைச் செலுத்துவது தொடை எலும்புக்குச் சரி. முன்னங்காலின் இந்த எலும்புக்குச் சரியல்ல. உள்ளே இருக்கும் துளை மிகக் குறுகல், கம்பி மணிக்கட்டு மூட்டைச் சேதப்படுத்தும், எலும்பு சுழல்வதையும் அது தடுக்காது. “பிளேட் வேண்டாம், உள்ளே ஒரு கம்பி விட்டுடலாம், செலவு குறையும்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

அப்படியானால் கட்டே போடக்கூடாதா? அப்படியில்லை. நாலைந்து மாதத்துக்கும் குறைவான குட்டிக்கு எலும்பு முழுதாக முறியாமல், பச்சைக் குச்சியை வளைத்தது போல ஒரு பக்கம் மட்டும் விரிந்திருந்தால் கட்டே போதும். மூன்று, நான்கு வாரத்தில் கூடிவிடும். இரண்டு எலும்பில் ஒன்று முழுதாக இருந்து, உடைந்தது விலகாமல் இருந்தாலும் கட்டை யோசிக்கலாம். பாதத்தில் ஒன்றிரண்டு விரல் எலும்பு உடைந்தாலும் அப்படித்தான். ஆக, எந்த எலும்பு, எந்த இடம், எவ்வளவு விலகல், நாயின் வயது என்ன? இந்த நான்கும் தெரியாமல் கட்டா ஆபரேஷனா என்று பேசுவதில் பயனில்லை.

அது தெரிய எக்ஸ்ரே வேண்டும், அதுவும் இரண்டு கோணத்தில். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே படத்தை வைத்து “எலும்பு நேராத்தான் இருக்கு” என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு. முன்னாலிருந்து பார்க்கும்போது ஒரே கோடாகத் தெரியும் எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் படத்தில் விழுந்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட பிறகும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எலும்பு உட்கார்ந்த இடம் சரியா என்று வெளியிலிருந்து தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. வளரும் குட்டியாக இருந்தால் எலும்பு வளரும் பகுதியில் அடி பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அடிபட்டால் ஒரு எலும்பு வளர்வது நின்று, பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போய், சில மாதத்தில் கால் வளைந்துவிடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, நாட்டு வைத்தியர் கட்டு என்று ஓடுவது. தழை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவதில் மனிதர்கள் பலர் குணமாகியிருக்கிறார்கள் என்பதால் நாய்க்கும் அதையே செய்கிறார்கள். மனிதன் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்காருவான். இறுக்கினால் வலிக்கிறது என்று சொல்வான். நாய் அந்தக் காலை ஊன்றும், கட்டைக் கடிக்கும், விரல் மரத்துப்போனாலும் சொல்லாது. மூங்கில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, பாதம் கறுத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் நாய்களின் காலைக் காப்பாற்ற வழியே இருக்காது. எலும்பு முறிவோடு வந்த நாய் காலையே இழந்து போவது எவ்வளவு வேதனை! பிரண்டைத் துவையல் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். நாயின் காலில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம்.

முதல் சில மணி நேரத்தில் செய்யும் தவறுகளில் உயிருக்கே ஆபத்தானது மனித வலி மாத்திரை. நாய் கத்துவதைப் பார்த்துத் தாங்காமல் பாராசிட்டமால், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று வீட்டில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு கிலோ உடம்புக்கு மனிதர் மாத்திரையில் பாதியே விஷம் மாதிரிதான். நாய்க்கான வலி மருந்து ஊசியாகவும் சிரப்பாகவும் இருக்கிறது. எடை பார்த்து டாக்டர் கொடுக்கட்டும். ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதை வைத்துத்தான் அடுத்த மருந்தை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

காலை நீங்களே இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள். முழங்கைக்கு மேலே, அல்லது தொடையில் உடைந்திருந்தால் குச்சி வைத்துக் கட்டவே கூடாது. அந்த இடத்தில் கட்டு முறிவுக்குக் கீழேயே நின்றுவிடும். கட்டின் கனம் தொங்கித் தொங்கி முறிவை இன்னும் அசைக்கும். ஓர் அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து அதில் உட்கார வைத்துக் கொண்டுபோனால் போதும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்புங்கள், மஞ்சள் வைக்காதீர்கள். வழியில் பிஸ்கட், பால் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாசமான நாயும் வலியில் கடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வண்டி மோதிய நாய் என்றால் காலை இரண்டாவதாகப் பாருங்கள். நுரையீரலில் அடி, மூத்திரப்பை கிழிசல், உள்ளே ரத்தக்கசிவு, இவைதான் உயிரை எடுப்பவை. மூச்சு எப்படி விடுகிறது, ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்து நாயைத் தேற்றிய பிறகுதான் காலுக்கு வரவேண்டும். “ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணலை” என்று டாக்டரை நெருக்குவது இங்கே தப்பு.

இந்த அவசரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் கிழியாத முறிவுக்கு அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. வலி மருந்தும் நல்ல தற்காலிகக் கட்டும் இருந்தால் இரண்டு மூன்று நாள் காத்திருக்கலாம். குட்டி நாய்க்குப் பிளேட் வைத்துப் பழகியவரைத் தேடிப்போக அந்த அவகாசம் போதும். ஆனால் “இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்” என்று தள்ளினால் தசை சுருங்கி, எலும்பு முனைகள் ஏறிக்கொண்டு, வேலை இரட்டிப்பாகிவிடும். நாள் கணக்கில் காத்திருக்கலாம், வார கணக்கில் கூடாது.

யாரிடம் போவது? அன்றாடக் காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அருமையாகப் பார்க்கும் டாக்டர் எல்லோரிடமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கான கருவிகள் இருக்காது. அவரிடமே நேராகக் கேட்கலாம்: இந்த அளவு நாய்க்கு நீங்கள் பிளேட் வைத்ததுண்டா, அந்த அளவு பிளேட் இருக்கிறதா, கூடாமல் போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், தேவைப்பட்டால் அவரே வேறிடம் அனுப்புவார். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கும் இடங்கள் இவை. எக்ஸ்ரேயை போனில் வாங்கி வைத்துக்கொண்டால் போகும் முன்பே இன்னொருவரிடம் காட்டலாம்.

செலவுக் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது. கட்டு மலிவு, பிளேட் விலை அதிகம் என்று முதல் நாள் தொகையை மட்டும் ஒப்பிடுகிறோம். கட்டு என்றால் கிட்டத்தட்ட வாரம் ஒரு முறை பார்த்து மாற்ற வேண்டும், சில நேரம் அதற்கும் மயக்க மருந்து, அவ்வப்போது எக்ஸ்ரே. கடைசியில் கூடாமல் போனால் அதே ஆபரேஷன், அதைவிடக் கடினமாக. மொத்தத்தையும் எழுதிக் கேளுங்கள். பணம் உண்மையிலேயே இல்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் டாக்டரால் உங்களால் முடிந்ததற்குள் நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

எடை குறைவாக இருப்பது கைகொடுக்கும் இடங்களும் உண்டு. இடுப்பெலும்பு விரிசல் பல நேரம் கூண்டில் வைத்து ஓய்வு கொடுத்தாலே தேறிவிடும். தொடை எலும்பின் மேல் உருண்டை உடைந்தால் அதை எடுத்துவிட்டாலே சின்ன நாய் நன்றாக நடக்கும். காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தாலும் மூன்று காலில் ஓடி விளையாடும் நாய்கள் ஏராளம். ஒரு கால் உடைந்தது என்ற ஒரே காரணத்துக்காக நாயைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று முடிவெடுக்கத் தேவையே இல்லை.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தால் தினம் ஒரு வேலை இருக்கிறது. கட்டின் நுனியில் நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். காலையும் மாலையும் அந்த இரண்டு நகங்களைப் பாருங்கள். ஒன்றை ஒன்று ஒட்டி நேராக இருக்க வேண்டும். நகங்கள் விலகி ஆங்கில V எழுத்து மாதிரி விரிந்தால் உள்ளே வீக்கம். விரல் சில்லென்று இருந்தாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ, நனைந்தாலோ, நாய் ஓயாமல் கட்டையே கடித்தாலோ மறுநாள் சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். கட்டுக்குள் புண் ஆகிவிட்டால் எலும்பு கூடியும் பயனில்லை. வெளியே போகும்போது பிளாஸ்டிக் உறை போட்டு, வந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் உள்ளே வியர்த்து நனையும்.

ஆபரேஷன் முடிந்த நாய் சில நாளிலேயே காலை ஊன்ற ஆரம்பிக்கும். “சரியாயிடுச்சு” என்று அவிழ்த்து விடுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. இப்போது எடையைத் தாங்குவது பிளேட், எலும்பு இல்லை. வளர்ந்த நாய்க்கு எலும்பு கூட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். எக்ஸ்ரேயில் கூடியது தெரியும்வரை கூண்டு அல்லது சின்னத் தடுப்பு. வெளியே போவது சிறுநீர், மலத்துக்கு மட்டும், அதுவும் சங்கிலியில். கூண்டில் அடைப்பது பாவம் என்று மனம் கேட்காது. ஆனால் ஒரே ஒரு தாவலில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

கால்சியம் சிரப்பை அள்ளி ஊற்றுவதும் வேண்டாம். நல்ல நாய் உணவு சாப்பிடும் குட்டிக்கு அது தேவையில்லை, அளவு மீறினால் வளரும் எலும்புக்குக் கெடுதல். இதற்கு மாறாக, வெறும் சோறும் இறைச்சியும் மட்டுமே தின்று வளர்ந்த குட்டி லேசாகக் குதித்ததற்கே கால் உடைந்தது என்றால், எலும்பே வலுவில்லாமல் இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அந்த எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது, சாப்பாட்டை மாற்றுவதுதான் அங்கே முதல் சிகிச்சை.

ஒரு முன்னங்கால் உடைந்த நாயின் இன்னொரு முன்னங்காலும் அதே அளவு மெல்லியதுதான். டைல்ஸ் தரையில் அது ஓடும் வழியில் மிதியடி விரியுங்கள், சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படியைப் போடுங்கள். குழந்தைகள் நாயைத் தூக்க ஆசைப்பட்டால் முதலில் தரையில் உட்காரட்டும், பிறகு மடியில் கொடுங்கள்.